தூரத்துக்கா, கிட்டத்துக்கா

கடையை இப்போது நடத்துவது எங்கள் முதலாளியின் மகள். போன மாதம் அவர் தொலைபேசியில் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு வாடிக்கையாளரோடு பழகும் விதம் பற்றிப் பேச வேண்டும், பத்துக் குறிப்பு எழுதிக்கொண்டு வாருங்கள் அன்ரி என்றார். மன்னார் பஸ் நிலையத்தில் இறங்கி, நடு ரோட்டில் நின்ற கழுதைகளைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கே இப்போது ஒரு திரை வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் இருந்தால் நம் முகத்தில் ஒவ்வொரு பிரேமாக மாட்டிக் காட்டுகிறது. எனக்கும் ஒரு பச்சை பிரேம் மாட்டினார்கள். கீரிக் கடற்கரையில் வெயில் காயும் வெள்ளைக்காரி மாதிரி இருந்தேன். அந்தத் திரையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் காலத்து முகக்கண்ணாடி ஒரு பக்கம் ரசம் கழன்றது. அதில் யார் பார்த்தாலும் அரை முகம்தான் தெரியும்.

பத்துக் குறிப்பு என்னிடம் இருக்கவில்லை. எனக்குத் தெரிந்த இரண்டு மூன்றைச் சொன்னேன். அப்போது ஒரு பிள்ளை கேட்டாள்: "அன்ரி, சண்டை நேரம் ஆமிக்காரரும் கடைக்கு வாறவையோ? அவைக்கும் கண்ணாடி வித்தனீங்களோ?"

"ஓம், வித்தனாங்கள்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தேன். மிச்சத்தை நின்ற நிலையில் சொல்ல முடியவில்லை. இருந்து எழுதினால் முடியும் போலிருக்கிறது.

நான் அந்தக் கடைக்குப் போனது சம்பளத்துக்காக. கண்களில் எனக்கு விசேஷ அக்கறை எதுவும் இருக்கவில்லை. முதல் வருடம் முழுவதும் கண்ணாடி துடைத்தேன். அடுத்த வருடம் ஆணி முறுக்கினேன். அதற்குப் பிறகுதான் ஆட்களோடு பேச விட்டார் மரியதாஸ் ஐயா. அவர்தான் முதலாளி. மெலிந்த மனிதர், குரல் எழும்பாது. லென்ஸில் யாராவது பெருவிரலை வைத்துவிட்டால் மட்டும் கோபம் வரும். கோபம் வந்தால் ஏசமாட்டார். அன்றைக்கு முழுதும் தேத்தண்ணி குடிக்கமாட்டார். அவர் குடிக்காவிட்டால் எங்களுக்கும் கிடையாது. லென்ஸ் வெட்டுவதெல்லாம் அப்போது கொழும்பில்தான். பார்சல் வருகிற வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பிரித்துப் பார்ப்பார்கள். கடைக்கு வந்து சேரும்போது எல்லா லென்ஸிலும் பெருவிரல் அடையாளம் இருக்கும். பார்சல் வரும் நாள் எங்களுக்குத் தேத்தண்ணி இல்லாத நாள்.

ஆள் வந்தால் ஐயாவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. என்ன வேண்டும் என்று கேட்கமாட்டார். கதிரையில் இருத்தி, போட்டிருக்கும் பழைய கண்ணாடியை வாங்கி, சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைத்துத் திருப்பிப் போட்டுவிடுவார். அதன் பிறகுதான் பேச்சு. எங்கள் ஊரில் இது பெரிய வைத்தியம். கண் போச்சுது என்று வந்தவர்களில் பாதிப் பேருக்குக் கண் போகவில்லை, கடல் காற்று கண்ணாடியில் உப்பைப் பூசியிருந்தது. அரிப்பு என்ற ஊரிலிருந்து வந்த, வள்ளம் வைத்திருக்கும் ஒரு சம்மாட்டி, கழுவிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்தார். "எப்பயடி உனக்கு இவ்வளவு நரைச்சது?" என்றார். அந்த அம்மா எங்களைப் பார்த்து, "பழையபடி உப்பைப் பூசி விடுங்கோ" என்றா.

இரண்டாவது ஒழுங்கு, கிட்ட இருப்பது தெரிகிறதா என்று பார்க்கும் விதம். அதற்கென்று சிறிய எழுத்து அச்சடித்த ஒரு மட்டை கொழும்பிலிருந்து வந்திருந்தது. ஐயா அதை லாச்சியில் போட்டுப் பூட்டிவிட்டார். நாலு பேருக்கு முன்னால் ஒரு மனிதரிடம் மட்டையை நீட்டினால், வாசிக்கத் தெரியுமா என்று கேட்பது போலாகிவிடும் என்பது அவர் எண்ணம். "கையால என்ன வேலை செய்யிறனீங்கள்?" என்றுதான் கேட்பார். தைக்கிறவர் என்றால் ஊசியும் நூலும் கொடுப்பார். வலை பொத்துகிறவர் என்றால் தங்கூசி நைலோனைக் கொடுத்து முடிச்சுப் போடச் சொல்வார். மலையகத்திலிருந்து வந்து பெருநிலப் பக்கம் குடியேறிய பெண்கள் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கென்று சிறு தட்டில் கல்லுக் கலந்த அரிசி வைத்திருப்பார். கல் எல்லாம் கைக்கு வரும் வரைக்கும் லென்ஸை மாற்றிக்கொண்டே இருப்பார். கச்சேரியிலிருந்து அரசாங்க உத்தியோகத்தர் வந்தால் பேப்பர். அவர்கள் வாசிக்கிற சாட்டில் அதைக் கையோடு கொண்டுபோய்விடுவார்கள், அது வேறு கதை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மன்னார்த் தீவு முழுக்க ஆமி, சந்திக்குச் சந்தி சென்றி என்கிற காவல் சாவடி. பெடியன்கள் பிரேம் தெரிவு செய்யும் விதமே மாறிப்போனது. கறுப்புத் தடித்த பிரேம் போட்டால் கம்பஸில் படிக்கிற பெடியன் போல இருக்கும், ஆமி சந்தேகப்படும், வேண்டாம். தங்க நிறம் போட்டால் வெளிநாட்டுக் காசு வருகிற வீடு போல இருக்கும், அதுவும் வேண்டாம். மண்ணிறத்தில் ஒரு சப்பைப் பிரேம் இருந்தது. போட்டவர் யாராக இருந்தாலும் கிளாக்கர் மாதிரி ஆகிவிடுவார். மீன் பிடிக்கிற பெடியனும் அதைத்தான் கேட்பான். என் வாழ்நாளில் நான் அதிகம் விற்றது அந்த அழகில்லாத பிரேமைத்தான்.

யூட் கேட்டதும் அதுதான். கீரிப் பக்கத்துப் பிள்ளை, இருபது வயதிருக்கும். மன்னார் ரவுணில் சங்கக் கடையில் வேலை. காலையில் சைக்கிளில் வந்து பின்னேரம் போவான். வழியில் ஒரு சென்றி இருந்தது. நானும் அதைத் தாண்டித்தான் வேலைக்கு வருவேன். ஒருநாள் ஆமிக்காரன் தூரத்திலேயே கையைக் காட்டி நிற்கச் சொல்லியிருக்கிறான். யூட்டுக்கு அந்தக் கை தெரியவில்லை. மிதித்துக்கொண்டு வந்திருக்கிறான். ஆகாயத்தில் ஒரு வெடி வைத்த பிறகுதான் விழுந்தடித்து இறங்கினான். அடுத்த வாரம் வீட்டில் சொல்லாமல் ஆஸ்பத்திரியில் கண் காட்டினான். மைனஸ் நாலு. பத்தடிக்கு அப்பால் நிற்பது மனிதரா மரமா என்று மட்டும்தான் அவனால் சொல்ல முடியும். அதுவரை எப்படிச் சைக்கிள் ஓடினான் என்று கேட்டேன். "ரோட்டு எனக்குப் பாடம் அக்கா" என்றான்.

கண்ணாடி கொழும்பிலிருந்து வந்து, போட்டுக்கொண்டு போனான். அடுத்த நாள் அவன் தாய் திரேசம்மா வந்தா. கருவாடு காயவிடுகிற மனுசி, ஐம்பதுக்குக் கிட்ட இருக்கும். கைலேஞ்சியில் பொதிந்து கொண்டுவந்த கண்ணாடியை மேசையில் வைத்தா.

"இது எங்களுக்கு வேண்டாம் பிள்ளை. காசு திருப்பித் தர வேண்டாம். நீங்கள் வைச்சுக்கொள்ளுங்கோ."

பவர் பிழையா, மூக்கில் குத்துகிறதா என்று கேட்டேன். கடைக்காரிக்கு வரும் கேள்விகள் அவ்வளவுதான். அவ இல்லை இல்லை என்று தலையாட்டினா. பிறகு சொன்னா.

அவவுக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான், அன்ரன். இரண்டு வருடத்துக்கு முன்னால் காய்ச்சலில் கிடந்து எழும்பி, மெலிந்து, தாடியோடு தாயையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். அதே சென்றியில் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, படத்தில் இருப்பது நீ இல்லை என்றார்கள். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று தாயை மட்டும் போகச் சொன்னார்கள். அவன் திரும்பி வரவில்லை. தாய் போகாத முகாம் இல்லை, ஏறாத கந்தோர் இல்லை.

"யூட்டின்ர ஐ.சி.யில கண்ணாடி இல்லைப் பிள்ளை" என்றா திரேசம்மா. "வெறும் முகம்தான் இருக்கு. இவன் இதைப் போட்டுக்கொண்டு போய் நிண்டா?"

கண்ணாடி இல்லாவிட்டால் இன்னொரு நாள் அந்தக் கை தெரியாது. அடுத்த வெடி ஆகாயத்தில் போகும் என்று யார் சொல்வது? கண்ணாடி போட்டால் அட்டையில் இருக்கிற முகம் இல்லை. புதிய அட்டைக்கு எழுதிப்போட்டால் ஊர் விதானையார், கச்சேரி, கொழும்பு என்று மாதக்கணக்கில் இழுக்கும். அதுவரைக்கும் கையில் தருகிற துண்டை எந்தச் சென்றியும் மதிக்காது. நான் ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று, "ஒண்டும் நடக்காது அக்கா" என்று தொடங்கினேன். ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நடக்காது எண்டு சொல்லாதை பிள்ளை. அதுக்கு எங்களிட்டச் சாமான் இல்லை" என்றார். பிறகு திரேசம்மாவைப் பார்த்து, "அம்மா, மத்தியானம் தம்பியைச் சைக்கிளோட வரச் சொல்லுங்கோ. நீங்களும் இருங்கோ" என்றார்.

மத்தியானத்தில் கடையில் ஆள் இருக்காது. யூட் சைக்கிளை உள்ளே கொண்டுவந்தான். ஐயா சொன்னது இதுதான்: கண்ணாடி தூரத்துக்குத்தான். கை காட்டுவது தெரியும் வரைக்கும் அது முகத்தில் இருக்க வேண்டும். கிட்டப் போய் அட்டையைக் கொடுக்கும்போது முகத்தில் இருக்கக் கூடாது. இடையில் எந்த இடத்தில், எந்தக் கையால், எப்படிக் கழற்றுவது என்பதுதான் பிரச்சினை. முகத்துக்குச் சட்டென்று கை போனாலும், பொக்கெற்றுக்குள் கை போனாலும் ஆபத்து.

வீடு, ரோட்டு, சென்றி என்று கடைக்குள்ளேயே பிரித்தோம். ஐயா அலுமாரியடியில் ஆமிக்காரனாக நின்றார். யூட் வாசலிலிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். ஐயா கையைத் தூக்கி, "தம்பி, கொஞ்சம் நில்லுங்கோ" என்றார். யூட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. மூன்று தரம் செய்து பார்த்தோம், மூன்று தரமும் ஐயா நில்லுங்கோ என்றே சொன்னார். அவருக்கு வேறு விதமாகச் சொல்ல வராது.

அப்போது திரேசம்மா கதிரையை விட்டு எழும்பினா. "அவன் இப்பிடி நிக்கமாட்டான் ஐயா. தள்ளுங்கோ" என்றா.

காலை அகட்டி நின்றா. ஒரு கையை மட்டும் உயர்த்தினா. யூட் வந்து நின்றதும், "கோ அயிடென்ரி எக்க?" என்றா, அட்டை எங்கே என்று. அவவுக்குச் சிங்களம் தெரியாது. யூட் கொடுத்த அட்டையை வாங்கி, கையை நன்றாக நீட்டி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தா. அட்டையையும் மகனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மே ஓயா நெமெய்" என்றா. இது நீ இல்லை என்று அர்த்தம். அவவுக்குத் தெரிந்த சிங்களம் அந்த இரண்டு வசனம்தான்.

கடைக்குள் ஒருவரும் சிரிக்கவில்லை. நீட்டின கையையும் சாய்த்த தலையையும் பார்த்து, அதிகாரம் உள்ளவனின் தோரணையைக் காட்டுகிறா என்று நினைத்தேன். "திரும்பப் போய் வா" என்றா தாய். திரும்பத் திரும்ப வர வைத்தா. கை தெரிந்ததும் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். அட்டை முன்கூட்டியே இடது விரலிடுக்கில் இருக்க வேண்டும். வலது கை மெதுவாக ஏறி, காதுக்குப் பின்னால் பிடித்துக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். கழற்றியதைப் பொக்கெற்றில் வைக்காமல், மடிக்காமல், அவர்கள் பார்க்கும்படி சைக்கிள் கான்டிலோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். அவன் கொஞ்சம் அவசரப்பட்டாலும் தாய் வாசலைக் காட்டினா. மூன்று நாள் மத்தியானமும் வந்தார்கள். நாலாம் நாள் காலையில் யூட் கண்ணாடியோடு போனான். தாய் கொஞ்சம் பின்னால் மீன்கூடையோடு நடந்தா. அவன் ரவுணுக்கு வந்து கடை வாசலில் காலை ஊன்றி நின்று, "ஒண்டும் கேக்கேல்லை அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். ஐயா உள்ளே போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

அதிலிருந்து சில மாதம் கழித்து அந்தச் சென்றியின் சார்ஜன் கடைக்கு வந்தார். பெரிய உடம்பு, அடர்ந்த மீசை, நாற்பத்தைந்து வயதிருக்கும். காலையில் நான் தாண்டிவரும் முகம்தான். துவக்கோடு ஓர் ஆமிக்காரன் வாசலில் நின்றான். கடையில் இருந்த இரண்டு பேர் எழும்பிப் போய்விட்டார்கள். ஐயா வழக்கம்போலக் கதிரையைக் காட்டினார். துடைக்கப் பழைய கண்ணாடி அவரிடம் இல்லை. ஐயாவுக்குச் சிங்களம் வரும். எனக்கும் விளங்குகிற அளவுக்கு வரும்.

"கொஞ்ச வருசமா எழுத்து ஒண்டும் தெரியுதில்லை மாத்தயா. கை நீளம் போதாமல் போச்சு" என்றார் சார்ஜன். கண்ணாடி போட்டால் வயது போய்விட்டது என்று பெடியன்கள் சிரிப்பார்கள், மேலதிகாரிகள் இடம் மாற்றிவிடுவார்கள் என்று தள்ளிப் போட்டாராம்.

லென்ஸ் மாட்டிப் பார்க்கும் சோதனைப் பிரேமை எடுத்துக்கொண்டு வா என்று ஐயா சொன்னதும், அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். இவருக்கு நாங்கள் ஏன் பார்க்க வேண்டும் என்று மனது கத்தியது.

ஐயா வழக்கமான கேள்வியைக் கேட்டார். கையால் என்ன வேலை?

சார்ஜன் சிரித்தார். "உங்களுக்குத் தெரியாதா?"

ஐயா கொஞ்சம் யோசித்தார். ஊசியை எடுக்கவில்லை. பேப்பரை எடுக்கவில்லை. தன் சேர்ட் பொக்கெற்றிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். சார்ஜன் அதை வாங்கி, கையை நன்றாக நீட்டி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கண்ணைச் சுருக்கினார்.

திரேசம்மா அலுமாரியடியில் நின்று காட்டியது அப்படியே இதுதான். அவ காட்டியது தோரணை இல்லை. எங்கள் கடைக்கு ஒவ்வொரு நாளும் வருகிற, கிட்ட இருப்பது தெரியாமல் போன நாற்பத்தைந்து வயது ஆளின் கை அது.

"என்ன தெரியுது?" என்று ஐயா கேட்டார்.

"ஒரு தலை தெரியுது. முகம் தெரியேல்லை. இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில எல்லாத் தலையும் ஒண்டுதானே" என்றார் சார்ஜன். மறைக்கும் எண்ணம் எதுவும் அவர் குரலில் இல்லை. வைத்தியரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

ஐயா லென்ஸை மாட்டினார், மாற்றினார். பிளஸ் ஒன்று. ஒன்றரை. இரண்டில் சார்ஜனின் கை தானாக மடிந்து அட்டை நெஞ்சுக்குக் கிட்ட வந்தது. படத்தைப் பார்த்தார். நிமிர்ந்து ஐயாவைப் பார்த்தார். முகம் மலர்ந்துபோனது.

"மே ஓயா தமய், மாத்தயா" என்றார். இது நீங்களேதான், ஐயா என்று.

அவர் போன பிறகு நான் ஐயாவோடு சண்டை பிடித்தேன் என்றே சொல்லலாம். இந்த மனிசனுக்கு இவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டுமா, ஏதாவது ஒரு பவரைக் கொடுத்து அனுப்பினால் என்ன என்றேன். ஐயா சார்ஜன் தொட்ட லென்ஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலமையும் யூட் அதாலதான் வரப்போறான்" என்றார். "நீயும்தான்."

கிட்டத்துக்குப் போடும் கண்ணாடி தயாராகக் கடையிலேயே இருந்தது. இரண்டு நாளில் சார்ஜன் வந்து எடுத்துக்கொண்டு போனார். அந்தக் கண்ணாடியின் இரண்டு காலையும் நான்தான் வளைத்துச் சரிசெய்தேன். அதுவரை வேறு யாருக்கும் நான் அவ்வளவு பார்த்துச் செய்ததில்லை. மூக்கில் வழுகக் கூடாது, காதில் நோகக் கூடாது, எரிச்சலில் கழற்றி வைக்கக் கூடாது. கழற்றி வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

திரேசம்மாவுக்கு இதைச் சொல்வதா என்று நானும் ஐயாவும் பேசினோம். நாங்களாகப் போய்ச் சொல்வதில்லை, கேட்டால் பொய் சொல்வதில்லை என்று ஐயா சொன்னார். அவ கேட்பதற்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு மத்தியானம் மீன்கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து கதிரையில் இருந்தா.

"அந்தச் சென்றியில நிக்கிற மீசைக்காரன் கண்ணாடி போட்டிருக்கிறான்" என்றா. "உங்கட கடையிலதானே எடுத்தவன்?"

"ஓம் அக்கா."

"தூரத்துக்கா, கிட்டத்துக்கா?"

மகனுக்காகப் படித்த பாடத்தில் அந்த வித்தியாசம் அவவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கிட்டத்துக்கு, அக்கா."

"அதுதான் பாத்தனான். இப்ப அட்டையைக் கிட்டப் பிடிச்சுப் பாக்கிறான்." பிறகு மெதுவாகக் கேட்டா. "அப்ப அண்டைக்கு அவனுக்கு என்ர பிள்ளையின்ர முகம் தெரியேல்லை?"

ஐயா எழும்பி வந்து அவவுக்கு முன்னால் நின்றார். அவ அழவில்லை. சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. எழும்பி வாசல்வரை போய்க் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினா.

"ஐயா, அவன்ர கண்ணாடி எப்பவாவது உடைஞ்சு வந்தா, நாளைக்கு வா எண்டு சொல்லிப்போடாதேங்கோ. அப்பவே செய்து குடுத்து விடுங்கோ."

யூட் புதிய அட்டை வரும் வரைக்கும், வந்த பிறகும், அந்த வழியால்தான் வேலைக்கு வந்து போனான். அன்ரன் வரவேயில்லை. சார்ஜனின் கண்ணாடி ஒருமுறை கால் கழன்று வந்தது. ஐயா கையில் இருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டு எனக்குக் கண்ணைக் காட்டினார். கடையில் ஆட்கள் காத்திருந்தார்கள். சார்ஜனுக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்து இருத்தினோம். அவர் அதைக் குடித்து முடிப்பதற்குள் ஆணியைப் போட்டு, இறுக்கி, சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைத்து, நானே அவர் முகத்தில் மாட்டிவிட்டேன்.